நான்காம் அத்தியாயம்: தஞ்சம் கோருவோர் வக்கீலைத் தேடும் முறை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கடையொன்றில் ஏதோ ஒரு பொருளைத் திருடிவிட்டதாகப் பிடிபட்ட ஏழை ஒருவன், வக்கீல் வைத்துக்கொள்ளத் தன்னிடம் பணமில்லை என்று சொல்வானேயானால், அவனைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன் அரசாங்கம் தன் சொந்தச் செலவில் அவனுக்கு ஒரு வக்கீலை நியமித்துக் கொடுத்தாக வேண்டும் என்பது, 1963-ஆம் ஆண்டு தொடங்கி அந்நாட்டு உச்ச நீதிமன்றம் படிப்படியாக நிலைநாட்டியிருக்கும் விதி. ஆனால், பிறந்த ஊருக்குத் திருப்பி அனுப்பினால் தன் உயிருக்கே ஆபத்து என்று சொல்லி அதே தேசத்தின் குடிவரவு நீதிமன்றத்தில் வந்து நிற்பவருக்கு அந்த ஆதரவு கிடையாது. நாடுகடத்துதல் தண்டனை ஆகாது, அது ஒரு சிவில் விவகாரமே என்று சட்டம் கருதுவதால், வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையை ஒரு கையால் கொடுத்து, அதற்கான செலவு அரசாங்கத்தைச் சேராது என்ற ஷரத்தை மறு கையால் சேர்த்துவிட்டது. அரசாங்கத்தின் பக்கத்தில் சம்பளம் வாங்கும் வக்கீல் ஒருவர் எப்போதும் அமர்ந்திருக்க, எதிர்ப்பக்கத்து நாற்காலியில் ஆங்கிலம் அறியாத ஒரு தாயோ, சில வேளைகளில் ஒரு சிறு பிள்ளையோ கூடத் துணையின்றி உட்கார்ந்திருப்பது அந்த நீதிமன்றங்களில் அன்றாடக் காட்சி.

இன்கிரிட் ஈக்லி, ஸ்டீவன் ஷேஃபர் என்னும் இருவர், 2007 முதல் 2012 வரை தீர்ப்பான பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைப் பரிசீலித்து 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வக்கீலோடு வந்தவர்கள் நூற்றுக்கு 37 பேர்தாம் என்றும், காவலில் வைக்கப்பட்டிருந்தவர்களிடையே அது நூற்றுக்கு 14 பேராகக் குறைந்துவிட்டது என்றும் கண்டார்கள். வக்கீல் இருந்தவர்களுக்கு நிவாரணம் கிடைக்கும் வாய்ப்பு பல மடங்கு அதிகமாக இருந்தது என்பதையும் அதே ஆராய்ச்சி காட்டியது. ஆகையால் இந்த நூலில் மற்ற எந்த அத்தியாயத்தைப் படிக்க அவகாசம் இல்லாமற் போனாலும், இந்த ஒன்றை மட்டும் வாசகர் நிதானமாகப் படித்துக்கொள்ள வேண்டும் என்பது என் பிரார்த்தனை.

எந்த வாசலைத் தட்டுவது என்று அறிவதற்கு முன், எந்தெந்த வாசல்கள் இருக்கின்றன என்பதைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். முதலாவது, நம்மவர் எல்லோரும் ‘அசைலம்’ என்று சொல்லும் அரசியல் தஞ்சம். 1980-ஆம் ஆண்டு அகதிகள் சட்டத்தின்படி, இனம், மதம், தேசியம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் அபிப்பிராயம் ஆகிய ஐந்து காரணங்களில் ஏதேனும் ஒன்றன்பொருட்டுத் துன்புறுத்தப்பட்டவருக்கும், துன்புறுத்தப்படுவோம் என்று நியாயமாக அஞ்சுபவருக்கும் உரியது. இரண்டாவது, குற்றத்துக்கு இலக்காகிப் போலீசாருக்கு உதவியவர்களுக்கான யூ விசா. மூன்றாவது, ஆட்கடத்தலுக்கும் கட்டாய உழைப்புக்கும் ஆளானவர்களுக்கான டி விசா. இவை இரண்டும் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் பிறந்தவை. பெற்றோரால் கைவிடப்பட்டோ கொடுமைப்படுத்தப்பட்டோ 21 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு மாநில நீதிமன்றத்தின் உத்தரவைக் கொண்டு பெறும் விசேஷ அந்தஸ்து ஒன்று உண்டு. யுத்தமோ பூகம்பமோ நேர்ந்த நாட்டினருக்குத் தற்காலிகப் பாதுகாப்பு என்னும் ஏற்பாடும் உண்டு. ஆனால் அந்தப் பட்டியலில் இலங்கையோ இந்தியாவோ ஒருநாளும் இடம் பெற்றதில்லையாதலால், அதை வாங்கித் தருவதாக ஒருவர் தமிழரிடம் பணம் கேட்டால், அவரிடம் மேற்கொண்டு பேச வேண்டிய அவசியமே இல்லை.

கணவனின் கொடுமைக்கு ஆளான மனைவியின் விஷயத்தில் மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் நம் குடும்பங்களில் அதிகமாக மறைக்கப்படுவதும், அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. கணவன் அமெரிக்கப் பிரஜையாகவோ கிரீன் கார்டு உடையவனாகவோ இருந்தால், 1994-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு ‘வாவா’ என்று வழங்கும் சட்டத்தின்படி, மனைவி அவனுடைய கையெழுத்தும் தயவும் இல்லாமல், அவனுக்குத் தெரியாமலே கூட, தனக்காகத் தானே மனுச் செய்துகொள்ளலாம். சட்டத்தின் பெயரில் பெண்கள் என்று இருந்தாலும், கொடுமைக்கு உள்ளான கணவனும் அவ்வாறே செய்யலாம். ஆனால் நம்மூரிலிருந்து வரும் பெண்களில் கணிசமானவர்கள் எச்-1பி விசாவில் வேலை செய்யும் கணவனோடு எச்-4 விசாவில் வந்தவர்கள். அந்தக் கணவனுக்குக் கிரீன் கார்டே இல்லாதபோது அந்த மனுவுக்கும் இடமில்லை. அத்தகையோர் சோர்ந்துவிட வேண்டாம். அடித்தவன் மீது போலீசில் புகார் சென்றிருந்து, விசாரணைக்கு அவள் ஒத்துழைத்திருந்து, போலீசோ அரசு வக்கீலோ அதற்கு அத்தாட்சி எழுதிக் கொடுத்தால் யூ விசாவுக்கு மனுச் செய்யலாம். ஆண்டுக்குப் பதினாயிரம் பேருக்கு மேல் வழங்கக்கூடாது என்ற வரம்பு இருப்பதால் வரிசை பல வருஷங்கள் நீளுமாயினும், வரிசையில் நிற்பதற்கே ஒரு மதிப்பு உண்டு. இதைத் தவிர, கொடுமைக்கு ஆளான எச்-4 மனைவியர் வேலை செய்யும் அநுமதியைத் தனியே கேட்டுப் பெறவும் சட்டம் இடம் தருகிறது. ஐ-765வி என்னும் படிவம் அதற்கானது. குடிவரவுத் தொழிலில் இருப்பவர்களிலேயே பலர் இதை அறியார்கள் என்பதால், பெயரையும் எண்ணையும் இங்கே எழுதிவைக்கிறேன். மனைவி செய்யும் இத்தகைய மனுக்களைப் பற்றிய தகவலை அதிகாரிகள் கணவனுக்கு வெளியிடக்கூடாது என்று 1996 முதல் சட்டம் தடுத்திருக்கிறது.

இனி, யாரிடம் போவது என்னும் கேள்வி.

தமிழ்நாட்டில் நோட்டரி என்றால், பல ஆண்டுகள் வக்கீலாகத் தொழில் நடத்தியபின் அரசாங்கம் நியமித்த ஒருவர். கோர்ட்டு வளாகத்தில் மேஜை போட்டு, கறுப்புக் கோட்டு அணிந்து உட்கார்ந்திருப்பவர். யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசு என்றால், காணி உறுதி முடித்துக் கொடுக்கும் மதிப்புக்குரிய மனிதர். இந்த ஞாபகத்தோடு அமெரிக்காவில் கடைத்தெருவில் ‘நோட்டரி பப்ளிக்’ என்ற பலகையைக் காணும் தமிழர், ஏதோ ஒரு வக்கீலின் ஆபீசுக்கு வந்துவிட்டோம் என்று நம்பி உள்ளே நுழைவது இயல்பே. அங்கேயோ, ஒரு விண்ணப்பமும் சொற்பக் கட்டணமும் கொடுத்து, சில மாநிலங்களில் ஒரு சிறு பரீட்சையும் எழுதி, யார் வேண்டுமானாலும் அந்தப் பலகையை மாட்டிக்கொள்ளலாம். கையெழுத்திட்டவர் இன்னாரே என்று உறுதி சொல்வதைத் தவிரச் சட்ட ஆலோசனை கூற அவருக்கு யாதொரு அதிகாரமும் இல்லை. லத்தீன் அமெரிக்க நாடுகளில் நோட்டாரியோ என்பவர் சட்டம் கற்ற பெரிய மனிதராதலால், அந்நாட்டு ஏழைகள் இதே பெயர் மயக்கத்தில் சிக்கிப் பணத்தையும் வழக்கையும் இழந்த கதைகள் ஏராளம்.

குடிவரவு விவகாரத்தில் ஒருவருக்காகப் பேசும் அதிகாரம், சில விதிவிலக்குகளைத் தவிர்த்தால், இரண்டே வகையினருக்கு உண்டு. ஒருவர், ஏதேனும் ஒரு மாநிலத்தின் வக்கீல் சங்கத்தில் உரிமம் பெற்று நல்ல நிலையில் இருக்கும் வக்கீல். குடிவரவுச் சட்டம் மத்திய அரசின் சட்டமாதலால், நியூ ஜெர்சியில் உரிமம் பெற்றவர் டெக்ஸாஸில் வசிப்பவருக்காக வழக்கை நடத்தலாம். அவர் பெயரை அந்தந்த மாநில வக்கீல் சங்கத்தின் பதிவேட்டில் எவரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம், பார்க்க வேண்டும். மற்றவர், வக்கீல் அல்லாராயினும், நீதித் துறையின் அங்கீகாரம் பெற்ற தர்ம ஸ்தாபனம் ஒன்றில் பணியாற்றி, தாமும் அத்துறையின் அங்கீகாரத்தைப் பெற்ற பிரதிநிதி. இவர்களில் பகுதி அங்கீகாரம் பெற்றவர் குடிவரவு இலாகாவின் முன் மட்டும் தோன்றலாம். முழு அங்கீகாரம் பெற்றவர் நீதிமன்றத்திலும் நிற்கலாம். டிராவல் ஏஜெண்டு, படிவம் நிரப்பித் தருபவர், கோயிலில் பழக்கமான பெரியவர், வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவர் ஆகியோர் நல்ல உள்ளத்தோடே யோசனை சொன்னாலும், அந்த யோசனை சட்ட ஆலோசனை ஆகாது.

நல்ல உள்ளம் இல்லாதவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘கதை நான் தருகிறேன், மனப்பாடம் செய்துகொண்டு போனால் போதும்’ என்பவரும், வெற்றி நிச்சயம் என்று வாக்குக் கொடுப்பவரும், வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பவரும், பாஸ்போர்ட்டின் அசலைத் தம்மிடமே வைத்துக்கொள்பவரும், தாம் நிரப்பிய படிவத்தில் தயாரித்தவர் என்று கையெழுத்திட மறுப்பவரும் ஒரே ஜாதி. பொய்யென்று தெரிந்தே கட்டப்பட்ட அசைலம் மனு என்று தீர்ப்பாகிவிட்டால், அம்மனிதர் பிற்காலத்தில் அமெரிக்கப் பிரஜையையே மணந்துகொண்டாலும் குடிவரவுச் சலுகை எதையும் பெற முடியாதபடி நிரந்தரத் தடை விழும். கதையை விற்றவர் அடுத்த ஊரில் பலகை மாட்டிக்கொள்வார்; தடை மட்டும் கையெழுத்திட்டவரோடு தங்கிவிடும். எத்தனையோ உண்மைத் துன்பங்களை அநுபவித்து வந்த ஒருவர், தம் சொந்தக் கதை போதாதென்று யாரோ சொன்னதை நம்பி, இரவல் கதையைக் கொண்டு போய் எல்லாவற்றையும் இழப்பதைக் காட்டிலும் மனத்தை வருத்துவது வேறில்லை.

பணம் இல்லாதவர் தேடத் தொடங்க வேண்டிய இடம், குடிவரவு நீதிமன்றங்களை நடத்தும் இலாகாவே தயாரித்து அவ்வப்போது புதுப்பித்து வரும் இலவச வக்கீல் பட்டியல். ஊர்வாரியாக அமைந்த அந்தப் பட்டியல் நீதிமன்றத்திலேயே கிடைக்கும். அதில் உள்ள ஸ்தாபனங்களுக்குச் சக்திக்கு மீறிய வேலை இருப்பதால், முதல் தொலைபேசியில் யாரும் எடுக்கமாட்டார்கள். ஐந்தாவதில் காத்திருப்போர் வரிசையில் பெயர் எழுதுவார்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தத் தேதியில் யாரிடம் பேசினோம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. வக்கீல் தேட அவகாசம் வேண்டும் என்று நீதிபதியிடம் கேட்கும்போது, உண்மையாகவே தேடினோம் என்பதற்கு அந்த நோட்டுப் புத்தகம் சாட்சி சொல்லும். சட்டக் கல்லூரிகள் பலவற்றில், பேராசிரியரின் மேற்பார்வையில் மாணவர்கள் இலவசமாக வழக்கை நடத்தும் பிரிவுகள் உண்டு. மாணவர் என்று அலட்சியம் செய்ய வேண்டாம்; ஐம்பது வழக்குகளைத் தலையில் சுமக்கும் வக்கீலைவிட, ஒரே வழக்கை வருஷம் முழுவதும் நினைத்துக்கொண்டிருக்கும் இரண்டு மாணவர்கள் அதிகம் உழைப்பார்கள். வீட்டுக் கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு, தெற்காசியக் குடும்ப வழக்கங்களை அறிந்தவர்களே நடத்தும் ஸ்தாபனங்கள் இருக்கின்றன: நியூ ஜெர்சியில் 1985-இல் தோன்றிய மானவி, நியூயார்க்கில் 1989-இல் தோன்றிய சகி, கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் 1991-இல் தோன்றிய மைத்ரி ஆகியவை நெடுங்காலமாக இத்தொண்டைச் செய்து வருபவை. எந்த ஊரிலிருந்தும் இரவு பகல் பாராமல் அழைக்கத் தக்கது 1-800-799-7233 என்னும் வீட்டு வன்முறைத் தொலைபேசி. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்டால் ஏற்பாடு செய்வார்கள்.

முதல் சந்திப்புக்கு என்ன கொண்டுபோவது? இருப்பது எல்லாவற்றையும். நான் மொழிபெயர்ப்புக்குத் துணையாகச் சென்ற ஒரு சந்திப்பில், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கலியாண வீட்டுத் தாம்பூலப் பை ஒன்றில் தன் தஸ்தாவேஜுகளைக் கொண்டுவந்திருந்தாள். பாஸ்போர்ட்டைக் கணவன் பூட்டி வைத்திருந்தான். பையில் இருந்தவை கலியாணப் பத்திரிகை, இரண்டு போட்டோ, ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்த மஞ்சள் தாள் ஒன்று, ஒரு சிறிய முருகன் படம். ‘இவ்வளவுதாங்க்கா இருக்கு’ என்று கூசிப்போய் நின்றாள். போலீஸ் எப்போதாவது வீட்டுக்கு வந்ததுண்டா என்று வக்கீல் அம்மாள் கேட்டதற்கு, ‘பக்கத்து வீட்டுக்காரங்க கூப்பிட்டு ஒருதரம் வந்தாங்க, ஆனா நான் ஒண்ணுமே சொல்லலைக்கா’ என்றாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாய் முருகன் படத்தின் சட்டத்தைப் பின்பக்கமாகத் திறந்து, அதற்குள் செருகி வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். அன்று வந்த போலீஸ்காரர் கொடுத்த பெயர்ச் சீட்டு அது. அதன் பின்புறத்தில் பால்பாயிண்டு பேனாவால் ஏழெட்டு இலக்கங்கள் எழுதியிருந்தன. அவள் ஒன்றும் சொல்லாவிட்டாலும், அன்று பதிவான அறிக்கையின் எண் அது. வக்கீல் அம்மாள் அந்தச் சீட்டை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டதை நான் இன்றும் மறக்கவில்லை. பயன்படாது என்று நாம் நினைக்கும் காகிதமே வழக்கின் ஆணிவேராகிவிடக் கூடுமாதலால், எதையும் விலக்காமல் கொண்டுபோக வேண்டும். ஆனால் நகலைக் கொடுத்துவிட்டு அசலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இலாகாவிலிருந்து முன்பு எப்போதேனும் கடிதம் வந்திருந்தால், அதன் மேற்புறத்தில் ‘ஏ’ என்ற எழுத்தோடு தொடங்கும் நம்பர் மிக முக்கியம். நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறதா, எந்தத் தேதி என்பதை 1-800-898-7180 என்ற தானியங்கித் தொலைபேசியில் அந்த நம்பரை அழுத்தியே அறிந்துகொள்ளலாம்.

வக்கீலை அமர்த்தினால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். எந்த வேலைக்கு எவ்வளவு, அப்பீல் அதில் அடங்குமா என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். ஜி-28 என்னும் படிவத்தில் அவர் கையெழுத்திட்டு இலாகாவுக்கு அனுப்பினால்தான், அவர் உங்கள் வக்கீல் என்று இலாகா அறியும்.

வக்கீலின் எதிரே உட்கார்ந்தபின் எதையும் மறைக்கலாகாது. அவரிடம் சொல்வது, இலவச ஆலோசனையாயினும், அவருக்கும் உங்களுக்கும் இடைப்பட்ட இரகசியம். இலங்கைத் தமிழர் விஷயத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. விடுதலைப் புலிகள் இயக்கத்தை அமெரிக்கா 1997-இல் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. அத்தகைய அமைப்புக்கு எவ்வகையிலேனும் பொருளுதவி செய்தவருக்குத் தஞ்சம் இல்லை என்ற தடை, துப்பாக்கி முனையில் கொடுத்த வரிக்கும், பயந்து போட்ட சோற்றுக்கும் பொருந்துவதாகவே வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. வன்னியில் வாழ்ந்த குடும்பம் எது வரி கொடுக்காமல் இருந்தது? நிர்ப்பந்தத்தால் கொடுத்தவர்களுக்கு அரசாங்கம் தன் விருப்பத்தின்பேரில் விலக்களிக்க ஒரு வழி உண்டாயினும், அதைக் கேட்கும் முறை நுட்பமானது. இதை வக்கீலிடமே மறைத்துவிட்டு, விசாரணையின் நடுவில் அரசாங்க வக்கீல் கேட்டபோது தடுமாறுவதைவிட, முதல் நாளே சொல்லிவிடுவது எவ்வளவோ க்ஷேமம். பழைய கைது, வேறு நாட்டில் செய்த மனு, வேறு பெயரில் எடுத்த பாஸ்போர்ட்டு ஆகியவற்றுக்கும் இதுவே நியாயம்.

காலக்கெடுவைப் பற்றி இரண்டு வார்த்தை. அசைலம் மனுவை, அந்நாட்டில் கால் வைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். சொந்த நாட்டில் நிலைமை மாறிவிட்டது, கடும் நோய் என்பன போன்ற விலக்குகள் இருப்பினும், அவற்றை நம்பிச் சும்மா இருக்கலாகாது. நெடுங்காலமாகக் கட்டணமில்லாதிருந்த அம்மனுவுக்கு, 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் முதன்முறையாக 100 டாலர் கட்டணம் விதித்து, மனு முடிவாகும் வரை ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய கட்டணம் ஒன்றையும் சேர்த்தது. மூன்று வருஷங்களுக்கு முன் மனுப் போட்ட சிநேகிதர் ‘அதற்குக் காசே இல்லை’ என்று சொல்வாராயின், அவர் தம் காலத்து உண்மையைச் சொல்கிறாரே தவிர, இன்றைய உண்மையை அல்ல. இந்தப் புத்தகத்துக்கும் அது பொருந்தும். வீடு மாறினால் நீதிமன்றத்துக்கு ஐந்து வேலை நாட்களுக்குள்ளும், குடிவரவு இலாகாவுக்குப் பத்து நாட்களுக்குள்ளும் தனித்தனியே தெரிவிக்க வேண்டும். ஓரிடத்தில் சொன்னதை மற்றோரிடம் அறியாது. பழைய விலாசத்துக்குப் போன கடிதத்தைக் காணாமல் ஒரு விசாரணைத் தேதியைத் தவறவிட்டால், வராதவர் மீதே நாடுகடத்தும் உத்தரவு பிறந்துவிடும்.

இப்போது, எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகத் தோன்றும் விஷயத்துக்கு வருகிறேன். 2017-இன் தொடக்கத்தில், மெக்சிகோ எல்லையைக் கடந்து 25 கஜ தூரம் வந்த இடத்தில் இலங்கைத் தமிழர் ஒருவர் பிடிபட்டார். சிலர் தம்மை வான் வண்டியில் கடத்திச் சென்று, கட்டிவைத்து அடித்தார்கள் என்று, பேட்டி கண்ட அதிகாரியிடம் அவர் கூறினார். அதிகாரி அவர் சொன்னதைப் பொய்யென்று தள்ளவில்லை, உண்மையென்றே ஏற்றுக்கொண்டார். ஆனால், அடித்தவர் யார், எதற்காக அடித்தார்கள் என்பது தமக்குத் தெரியாது என்று அவர் சொன்னதாகப் பதிவாயிற்று. ஐந்து காரணங்களில் ஒன்றோடும் அந்தத் துன்பத்தை இணைக்க முடியவில்லை என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பை மத்திய நீதிமன்றங்கள் மறுபரிசீலனை செய்ய இயலாது என்று, 2020 ஜூன் 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

இதை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நம் மனிதர் கஷ்டத்தைச் சொல்லும்போது, நடந்ததைச் சொல்வார்களே தவிர, ஏன் நடந்தது என்று சொல்லமாட்டார்கள். கிளிநொச்சிக்காரர் யாழ்ப்பாணத்துக்காரரிடம், ‘இரவு வானில வந்தவங்கள்’ என்று சொன்ன மாத்திரத்தில், யார் வந்தார்கள், எதற்காக வந்தார்கள் என்பதெல்லாம் கேட்பவர் நெஞ்சில் தானே நிறைந்துவிடும். ‘ஆர் எண்டு தெரியாது’ என்பது, பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடியாது என்று மட்டுமே பொருள்படும் எச்சரிக்கையான வாக்கியம். எத்தனையோ ஆண்டுகள் அப்படிச் சொல்லித்தான் உயிர் பிழைத்தார்கள். எதிரே மேஜையில் அமர்ந்திருக்கும் அதிகாரிக்கோ, அது ஒன்றும் தெரியாதவன் சொல்லும் பதில். ஆகவே, வந்தவர்கள் என்ன மொழி பேசினார்கள், என்ன உடுத்தியிருந்தார்கள், அடிக்கும்போது என்ன சொல்லி ஏசினார்கள், அதற்கு முந்திய வாரம் நீங்கள் எந்தக் கூட்டத்துக்குப் போயிருந்தீர்கள், யாருக்காகத் தேர்தல் வேலை செய்தீர்கள், அதே ஊரில் வேறு யாருக்கு அப்படி நடந்தது என்பவற்றையெல்லாம் கேட்காமலே சொல்ல வேண்டும். அந்த ‘ஏன்’ என்ற கேள்வியைக் குத்திக் குத்திக் கேட்டு வெளிக்கொணர்வதற்காகவே ஒரு நல்ல வக்கீல் முக்கியம். எல்லையில் நடக்கும் அந்தப் பேட்டிக்கு முன்னும், தாம் விரும்பும் ஒருவரோடு கலந்து பேச உரிமை உண்டு என்பதை நினைவில் வைத்துக் கேட்டுப் பெற வேண்டும்.

வக்கீலுக்கும் உங்களுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். நீதிமன்றத்தில் அரசாங்கமே மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும்; ஆனால் அசைலம் அலுவலகத்தில் நடக்கும் பேட்டிக்கு, பதினெட்டு வயது நிறைந்த ஒருவரை நீங்களே அழைத்துப் போக வேண்டும்; உங்கள் வக்கீலோ, சாட்சியோ அந்த இடத்தில் அமரக்கூடாது. சென்னைத் தமிழ் மட்டும் அறிந்தவருக்கு, புலிகளைக் குறிக்கும் ‘இயக்கம்’ என்ற சொல் ஏதோ ஓர் இயக்கம். அவர்களையே குறிக்கும் ‘பெடியள்’ என்றால் விளங்கவே விளங்காது. ஆகையால் உங்கள் ஊர்ப் பேச்சை அறிந்தவரே வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டாம். கேள்வி புரியாவிட்டால் தலையாட்டாமல், புரியவில்லை என்று அப்போதே சொல்லிவிட வேண்டும்.

ஊர்ப் பேச்சு அறிந்தவரும் தவறுவதுண்டு, நானே தவறியிருக்கிறேன். பருத்தித்துறைப் பக்கத்து இளைஞர் ஒருவரின் வாக்குமூலத்தை வக்கீலுக்காக மொழிபெயர்த்தபோது, ‘அண்ணாவை ஆமி பிடிச்சுக்கொண்டு போனது’ என்று அவர் சொன்னதை, உடன்பிறந்த சகோதரன் என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மனுவின் படிவத்தில் உடன்பிறந்தோர் என்ற இடத்தில் இரண்டு தங்கைகள் மட்டுமே இருந்தார்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, முரண்பாடு எவ்வளவு சிறியதானாலும், அது வழக்கின் சாரத்தைத் தொடாவிட்டாலும், அதைக்கொண்டே ஒருவரைப் பொய்யர் என்று முடிவு செய்ய நீதிபதிக்கு அதிகாரம் தந்திருக்கிறது. நல்லவேளையாக, வக்கீல் அதைக் கவனித்தார். நான் இளைஞரிடம், ‘தம்பி, சொந்த அண்ணாவோ?’ என்று கேட்டேன். ‘ஓமக்கா, சொந்தம்தான். பெரியப்பாவின்ர மகன்’ என்றார். பெரியப்பாவின் மகன் அண்ணா இல்லாமல் வேறு யார் என்ற வியப்பு அவர் முகத்தில் தெரிந்தது. அவர் சொன்னதில் பிழை இல்லை. நம் மொழியின் உறவுகள் அவர்கள் படிவத்தின் கட்டங்களுக்குள் அடங்குவதில்லை. சித்தப்பா, மாமா, அத்தான், மச்சாள் என்று வருமிடமெல்லாம் யாருடைய பிள்ளை யார் என்று விரித்தே சொல்ல வேண்டும்.

பெயரும் அப்படித்தான். தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டுக்கொள்ளும் நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால், உள்ள ஒரே பெயர் அந்த இடத்துக்குப் போய்விட, முதற்பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் ‘எஃப்என்யு’ என்ற மூன்று எழுத்துகளை அமெரிக்க விசாவில் பெயராகவே தாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பாஸ்போர்ட்டில் ஒன்று என்று எழுத்துக்கூட்டு மாறியிருந்தால், அத்தனையையும் ஒரு தாளில் எழுதி, இவையெல்லாம் நானே என்று வாக்குமூலத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது உத்தமம்.

கையெழுத்திடுவதற்கு முன், வாக்குமூலம் முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரமானாலும் சரி. அந்த இளைஞருக்கு நான் திருத்திய பிரதியை வாசித்துக் காட்டியபோது ஒரு மாலைப் பொழுது முழுவதும் பிடித்தது. பிடித்துக்கொண்டு போன மாதம் வைகாசி அல்ல, ஆனி என்று திருத்தினார். அடித்த அறைக்கு யன்னல் இருந்தது என்று எழுதியிருந்ததை, இல்லை, கூரைக்கு அருகில் ஒரு துவாரம் மட்டுமே என்று திருத்தினார். ‘பெரியப்பாவின் மகன்’ என்று நான் புதிதாக எழுதிச் சேர்த்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி, ‘அவன்ர பேரையும் போடுங்கோ அக்கா’ என்றார். வக்கீல் அந்த இடத்தில் பேனாவால் பெயரை எழுதினார்; இளைஞர் தாளைத் தம் பக்கம் இழுத்து, ஒவ்வோர் ஆங்கில எழுத்தாக விரல் வைத்துப் பார்த்து, சரி என்று தலையசைத்த பிறகே பேனாவைக் கேட்டு வாங்கினார்.